'பெருகிவிட்டார்கள்' என்பவர்களிடம் கேட்க வேண்டியவை

போன மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு வந்த சட்டக் கல்லூரித் தம்பி ஒருவர், கூட்டம் தொடங்குவதற்கு முன்பே கைப்பேசியை எங்களிடம் நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த காணொளி. கிழக்கு லண்டன் தெரு ஒன்றில் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து மனிதர்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வருகிறார்கள். அவ்வளவுதான் காட்சி. ஆனால் பின்னணியில் பேய்ப்படத்து இசை. 'பிரிட்டன் கைவிட்டுப் போய்விட்டது, அடுத்தது நாம்தான்' என்று கீழே எழுத்து ஓடுகிறது. அனுப்பியது அவருடைய வகுப்பு நண்பர்கள் குழு. அந்தக் குழுவில் பாதிப் பேர் நம் சேரிப் பிள்ளைகள்.

"இது நெசமாண்ணே?" என்று கேட்டார்.

திட்டி அனுப்பியிருக்கலாம். 'நீயெல்லாம் அம்பேத்கரைப் படித்து என்ன பயன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அடுத்த வாரம் வந்திருக்க மாட்டார். காணொளி மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கும். கேள்வி கேட்டு வந்தவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை. தவிர, அந்தக் காணொளியில் வந்த தெரு எங்களுக்குத் தெரிந்த தெரு. அதில் நாங்கள் மூன்று பேர் நடந்திருக்கிறோம், டீ குடித்திருக்கிறோம்.

2017இல் பிரிட்டன் அரசு, சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தில் எப்படிக் கையாள்வது என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அங்கே வாழும் தலித் தோழர்கள் அழைத்ததால் அந்தக் கோடையில் போயிருந்தோம். நாங்கள் போன வேலை சாதி பற்றியது. ஆனால் கூட்டங்களுக்கு இடையே கிடைத்த நாட்களில் லண்டனிலும் பிராட்ஃபோர்டிலும் பார்த்தவை, எங்கள் வேலையைப் பற்றியே எங்களை மறுபடி யோசிக்க வைத்தன. அன்று தம்பிக்குச் சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

முதலில் ஒரு கட்டடம். கிழக்கு லண்டனில் ப்ரிக் லேன் தெருவும் ஃபோர்னியர் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. சுவரின் உச்சியில் ஒரு சூரியக் கடிகாரம், அதில் 1743 என்று ஆண்டு. பிரான்சில் மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் மக்கள் கட்டிய தேவாலயம் அது. பட்டு நெசவு அந்த மக்களின் தொழில். 1819இல் அது மெதடிஸ்ட் சபையின் ஆலயமானது. 1898இல், ரஷ்யப் பேரரசின் கொடுமைகளுக்குத் தப்பி வந்த யூதர்களின் தொழுகைக்கூடமானது. 1976இல் வங்காளி முஸ்லிம்களின் பள்ளிவாசலானது.

இதைப் பார்த்து 'ஆகா, என்ன நல்லிணக்கம்' என்று புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. எங்களுக்கு வேறொன்று தோன்றியது. அந்தக் கட்டடத்துக்குள் யார் வந்தாலும் வெளியே நின்று பேசியவர்களின் வசனம் மாறவே இல்லை. 1901இல் இதே கிழக்கு லண்டனில் 'பிரிட்டிஷ் பிரதர்ஸ் லீக்' என்றொரு அமைப்பு கிளம்பியது. யூதர்கள் பெருகிவிட்டார்கள், வீட்டு வாடகை ஏறிவிட்டது, நம் ஊர் நம் ஊராக இல்லை என்றது. 1905இல் அந்நியர் சட்டம் வந்தது. தம்பியின் கைப்பேசியில் ஓடிய வசனம் நூறு வருடம் பழையது. அன்று அது யூதர்களுக்கு எழுதப்பட்டது, இன்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

சரி, இந்த வங்காளிகள் எப்படி அங்கே போனார்கள்? பெரும்பாலோர் சில்ஹெட் மாவட்டத்துக்காரர்கள். பிரிட்டிஷ் கப்பல்களின் அடித்தட்டில், கொதிக்கும் எஞ்சின் அறையில் நிலக்கரி அள்ளிப்போட்ட 'லஸ்கர்' எனும் கடலோடிகளின் வாரிசுகள். வெள்ளை மாலுமிக்குக் கொடுத்த கூலியில் ஒரு பங்குதான் இவர்களுக்கு. கொடுமை தாங்காமல் துறைமுகத்தில் இறங்கி ஓடியவர்களுக்குப் போக்கிடம் இல்லை. அயூப் அலி மாஸ்டர் என்ற சில்ஹெட்காரர் தன் வீட்டில் அவர்களுக்கு இடம் கொடுத்தார், எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார், படிவம் நிரப்பிக் கொடுத்தார். 1943இல் இந்தியக் கடலோடிகளுக்கான நலச் சங்கம் ஒன்று அங்கே உருவானது. இந்த மக்கள் அமைப்பாவதற்குப் போட்ட முதல் அடிகளில் இது ஒன்று. அதன் பெயரில் மதம் இல்லை, தொழில் இருந்தது. படுக்க இடம், பசிக்குச் சோறு, ஊருக்குக் கடிதம் என்பவை அதன் வேலைகள். நம் ஊரில் பட்டணத்துக்குப் போன முதல் தலைமுறை, சங்கம் என்று பெயர் வைக்காமலே செய்த வேலையும் இதுதானே?

1970களில் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. தங்க வீடு இல்லை. நகராட்சி வீடுகளுக்கான வரிசையில் இவர்கள் பெயர் எப்போதும் கடைசி. கிடைத்த வீடோ வெள்ளையர் மட்டுமே வாழும் குடியிருப்பில், தன்னந்தனியாக. கதவில் மலம் வீசுவார்கள், ஜன்னலில் கல் எறிவார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வர முடியாது. ஒரு பக்கம் இவர்கள் ஒற்றை அறையில் எட்டுப் பேராக நெருக்கிக் கிடக்க, மறுபக்கம் இடிப்பதற்காகப் பூட்டப்பட்ட வீடுகள் வருடக்கணக்கில் சும்மா கிடந்தன. வங்காளிக் குடும்பங்கள் அந்தப் பூட்டுகளை உடைத்து உள்ளே போய்க் குடியேறின. 1976இல் 'பெங்காலி ஹவுசிங் ஆக்‌ஷன் குரூப்' என்ற அமைப்பு உருவானது. அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'பாக்' என்று வரும். வங்காளத்தில் அதற்குப் பங்கு என்று பொருள். நம் 'பாகம்'தான்.

அந்த அமைப்பைக் கட்ட உதவியவர்களில் ஒருவர் மாலா சென். பின்னாளில் பூலான் தேவியின் வாழ்க்கையை எழுதியவர் என்று சொன்னால் நம் தோழர்களுக்குத் தெரியும். இன்னொருவர் ஃபரூக் தோண்டி, புனேயில் பிறந்த பார்சி. முஸ்லிம் குடும்பங்களின் வீட்டுப் போராட்டத்துக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் தோள் கொடுத்தார்கள். 1977இல் லண்டன் பெருநகர நிர்வாகம், பூட்டிய வீடுகளில் குடியேறியவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்து மாற்று வீடு தர இறங்கி வந்தது. அப்போது இந்தக் குடும்பங்கள் ஒரு நிபந்தனையில் உறுதியாக நின்றன. எங்களைப் பிரித்துப் போடாதீர்கள், அக்கம்பக்கமாகவே வீடு கொடுங்கள் என்றன. உடனே பத்திரிகைகள், தனித் தீவு கட்டுகிறார்கள், ஒட்ட மறுக்கிறார்கள் என்று கூச்சலிட்டன.

இந்த இடத்தில் தம்பியை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டோம். "நம்ம ஆளுங்க ஏன் எல்லாரும் ஒரே தெருவுல இருக்கோம்?" அவர் சிரித்தார். ஊருக்குள் வீடு தர மாட்டார்கள், தந்தாலும் நிம்மதியாக வாழ விட மாட்டார்கள். பிறகு 'காலனிக்காரனுங்க கும்பலா இருக்கானுங்க' என்றும் அவர்களே சொல்வார்கள். சேர்ந்து வாழ்வது சிலருக்கு வசதி, சிலருக்கு உயிர்க்காப்பு. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1978 மே 4. லண்டனில் உள்ளாட்சித் தேர்தல் நாள். நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி அந்த வட்டாரத்தில் வேட்பாளர்களை நிறுத்தியிருந்தது. மாலையில் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார் அல்தாப் அலி. தையல் தொழிலாளி, வயது 25. வொயிட்சேப்பலில் ஆட்லர் தெருவில் அவரைக் குத்திக் கொன்றார்கள். கொன்றவர்கள் பதின்வயதுப் பையன்கள். பத்து நாள் கழித்து, மே 14 அன்று, ஆயிரக்கணக்கானவர்கள் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் பிரதமரின் இல்லம் இருக்கும் டவுனிங் தெரு வரை நடந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு சுவரோரமாக நடந்து பழகிய தலைமுறை, தெருவின் நடுவே நடந்த முதல் நாள் அது என்று ப்ரிக் லேன் டீக்கடையில் ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் எழுந்து நின்றுகொண்டார்.

அல்தாப் அலி விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்காவுக்கு 1998இல் அவர் பெயரை வைத்தார்கள். மறு வருடம் அதே பூங்காவில் ஒரு ஷகீத் மினார் எழுப்பினார்கள். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்க மொழிக்காகத் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான மாணவர்களின் நினைவுச் சின்னம் அது. டாக்காவில் இருப்பதன் சிறிய வடிவம். காணொளியை வெட்டி ஒட்டுகிறவர்கள் தொழுகை முடிந்த கூட்டத்தைக் காட்டுவார்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் அதே மக்கள் தங்கள் தாய்மொழிக்கு எழுப்பிய தூணைக் காட்ட மாட்டார்கள். மொழிப்போர்த் தியாகிகளுக்கு வணக்கம் செலுத்தும் நாட்டிலிருந்து போன எங்களுக்கு, அந்தத் தூணின் முன் நிற்கும்போது அந்நிய மண்ணில் நிற்கும் உணர்வே இல்லை.

லண்டனிலிருந்து பேருந்தில் பிராட்ஃபோர்டு போனோம். வட இங்கிலாந்தின் கம்பளி ஆலை நகரம். அங்கே இருக்கும் முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்பூர் மாவட்டத்துக்காரர்கள். இவர்களுடைய கதை ஓர் அணையோடு பிணைந்தது. ஜீலம் நதியின் மீது மங்களா அணை கட்டினார்கள். 1967இல் வேலை முடிந்தது. பழைய மீர்பூர் நகரமும் சுற்றுக் கிராமங்களும் நீரில் மூழ்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு, நிலம், இடுகாடு எல்லாவற்றையும் இழந்தார்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டு பேர் பிராட்ஃபோர்டில் இருந்தார்கள். நிவாரணப் பணத்தை டிக்கெட்டாக மாற்றிக்கொண்டு மற்றவர்களும் கிளம்பினார்கள். ஆலைகளில் வெள்ளைத் தொழிலாளர்கள் விரும்பாத இரவு ஷிப்ட் இவர்களுக்குக் காத்திருந்தது.

இன்னொரு விவரத்தைத் தம்பிகள் குறித்துக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் வந்தவர்கள் ஆண்கள். நாலு காசு சேர்த்து ஊருக்குத் திரும்புவதே அவர்களுடைய திட்டம். 1962இல் பிரிட்டன் அரசு காமன்வெல்த் குடியேற்றச் சட்டத்தைக் கொண்டு வந்து கதவைச் சாத்தத் தொடங்கியது. வெளியே போனால் மறுபடி உள்ளே வர முடியாதோ என்ற பயம் பிறந்தது. போவதும் வருவதுமாக இருந்தவர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு அங்கேயே நிலைத்துவிட்டார்கள். குடியேற்றத்தைக் குறைக்கப் போட்ட சட்டம், தற்காலிகக் கூலிகளை நிரந்தரக் குடிமக்களாக்கியது. 'பெருக்கம்' என்று இன்று அலறுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை.

குடும்பம் வந்தால் குழந்தை வரும், பள்ளிக்கூடம் வரும், பள்ளியில் மதிய உணவு வரும், சாவு வரும், அடக்கம் செய்ய இடம் தேவைப்படும். பிராட்ஃபோர்டின் முதல் பள்ளிவாசல் 1959இல் ஹோவர்ட் தெருவில் ஒரு சாதாரண வரிசை வீட்டில் தொடங்கியது. பிறகு ஊருக்கு ஒன்று, வட்டாரத்துக்கு ஒன்று, மார்க்கப் பிரிவுக்கு ஒன்று என்று பெருகின. எல்லோரும் ஓர் உத்தரவுக்குக் கட்டுப்பட்ட படை என்று காணொளி நம்பச் சொல்கிறது. உண்மையில் பரேல்விகளும் தேவபந்திகளும் ஒருவர் பின்னால் ஒருவர் நின்று தொழுவதற்கே யோசிப்பார்கள். அவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவர 1981இல்தான் பள்ளிவாசல்களுக்கான பொதுக் கவுன்சில் ஒன்று பிராட்ஃபோர்டில் உருவானது.

அதே 1981இல் அதே ஊரில் இன்னொன்றும் நடந்தது. பிராட்ஃபோர்டு இளைஞர்கள் அதற்கு முன்பே ஆசிய இளைஞர் இயக்கம் என்று ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதில் முஸ்லிம், சீக்கியர், இந்து என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அரசியல் ரீதியாகத் தங்களைக் 'கறுப்பர்' என்று அழைத்துக்கொண்டார்கள். ஆப்பிரிக்கரும் கரீபியரும் ஆசியரும் ஒரே எதிரியை எதிர்கொள்கிறோம் என்பது அதன் பொருள். அந்த ஜூலையில் பாசிஸ்டுகள் ஊருக்குள் வருகிறார்கள் என்ற செய்தி பரவியது. சில இளைஞர்கள் பெட்ரோல் குண்டுகள் தயாரித்து வைத்தார்கள். பாசிஸ்டுகள் வரவில்லை, குண்டுகளும் வீசப்படவில்லை. போலீஸ் பன்னிரண்டு பேரைக் கைது செய்தது. 'ஆம், தயாரித்தோம், எங்கள் மக்களைப் பாதுகாக்க' என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். தற்காப்பு குற்றமில்லை என்ற முழக்கம் நாடெங்கும் எழுந்தது. 1982 ஜூன் 16 அன்று லீட்ஸ் நீதிமன்றத்தில் நடுவர் குழு பன்னிரண்டு பேரையும் விடுவித்தது.

அப்படிப்பட்ட இயக்கம் பிறகு என்ன ஆனது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஒரு தமிழரிடம் போய்ச் சேருவோம். அம்பலவாணர் சிவானந்தன். கொழும்பில் 1923இல் பிறந்தவர். 1958 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டு லண்டன் வந்தார். வந்த நேரம் அங்கே நாட்டிங் ஹில்லில் கறுப்பர்கள் மீது இனவெறித் தாக்குதல் நடந்தது. இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தில் நூலகராகச் சேர்ந்து, பின் அதன் இயக்குநரானார். 2018இல் மறையும் வரை எழுதிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார். நீங்கள் எங்கள் நாட்டுக்கு வந்தீர்கள், அதன் விளைவாக நாங்கள் இங்கே இருக்கிறோம் என்ற வாதத்தைப் பிரிட்டனின் முகத்துக்கு நேரே வைத்தவர் அவர்.

1981 எழுச்சிகளுக்குப் பிறகு அரசு, உள்ளாட்சிகள் வழியாகப் பணத்தை இறக்கியது. வங்காளிகளுக்கு ஒரு மையம், பாகிஸ்தானியருக்கு ஒரு மையம், சீக்கியருக்கு ஒன்று, கரீபியருக்கு ஒன்று. தெருவில் ஒன்றாக நின்றவர்கள் மானிய விண்ணப்பத்தில் போட்டியாளர்கள் ஆனார்கள். அரசு நிதியை வாங்கலாமா என்ற சண்டை இளைஞர் இயக்கங்களையே உடைத்தது. இதைச் சிவானந்தன் கடுமையாக விமர்சித்தார். இனவெறிக்கு எதிரான போராட்டம், கலாசார அடையாளத்துக்கான பங்கீடாகச் சுருங்குகிறது என்பது அவர் வாதம். பணம் கொடுப்பவருக்கு யாரோடு பேசுவது வசதியோ, அவரே சமூகத்தின் தலைவர் ஆகிவிடுகிறார்.

சட்டமும் ஒரு வேலை செய்தது. பிரிட்டனின் 1976 இன உறவுகள் சட்டம் நிறம், இனம், தேசியம் ஆகியவற்றின் பேரில் நடக்கும் பாகுபாட்டைத் தடுத்தது. மதம் அதில் இல்லை. 1983இல் தலைப்பாகை அணிந்த சீக்கிய மாணவர் வழக்கில், சீக்கியர்கள் ஓர் இனக்குழு என்று உச்ச அமர்வு தீர்ப்பளித்தது. யூதர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இருந்தது. பல நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம்கள் ஓர் இனக்குழு அல்ல என்பதால் அவர்களுக்கு இல்லை. 'முஸ்லிம் என்பதால் வேலை இல்லை' என்று ஒரு முதலாளி சொன்னால் கேட்க நேரடியான சட்டம் இல்லை. வேலையிடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு 2003இல்தான் வந்தது. அதற்கு இடைப்பட்ட காலத்தில் 'முஸ்லிம்' என்ற பெயரிலேயே அமைப்பாக வேண்டிய கட்டாயம் வந்தது. 1997இல் பிரிட்டன் முஸ்லிம் கவுன்சில் உருவானது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் பற்றிய கேள்வி இடம்பெற்றது. எந்தப் பெயரால் அடிக்கிறார்களோ அந்தப் பெயரில்தான் எழ முடியும். 'தலித்' என்ற சொல்லை ஏந்தி நிற்கும் நமக்கு இதில் வியப்பில்லை.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம், ஒளிக்க ஒன்றுமில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் முஸ்லிம்கள் 2001இல் 15 லட்சத்துக்குச் சற்று மேல், 2011இல் 27 லட்சம், 2021இல் 39 லட்சம். மக்கள்தொகையில் 6.5 விழுக்காடு. அதாவது நூறு பேரில் ஆறேழு பேர். 'கைவிட்டுப் போனது' என்றால் மீதி 93 பேர் எங்கே போனார்கள்? முஸ்லிம்களின் நடுத்தர வயது 27, மொத்த மக்களுக்கு 40. இளைய சமூகத்தில் பிறப்பு கூடுதலாகவும் இறப்பு குறைவாகவும் இருக்கும், அதற்குச் சதி எதுவும் தேவையில்லை. அவர்களில் பாதிப் பேர் பிரிட்டனிலேயே பிறந்தவர்கள். முஸ்லிம்களில் மூன்றில் ஒருவர் இடம் போதாத நெருக்கடி வீட்டில் வாழ்கிறார். மொத்த மக்களில் அது 8.4 விழுக்காடு. நாட்டைக் கைப்பற்றியவர்களுக்குப் படுக்க ஓர் அறை கிடைக்கவில்லை.

இந்த எண்ணிக்கைப் பயம் நமக்குப் புதிதல்ல. அதே 1981இன் பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் நம் மக்கள் இஸ்லாமைத் தழுவினார்கள். தேசமே அலறியது. வளைகுடாப் பணம் வந்ததா, எவ்வளவு வந்தது என்று கேட்டவர்கள் ஏராளம். எந்தக் கொடுமை அவர்களைத் துரத்தியது என்று கேட்டவர்கள் கொஞ்சம். எண்ணிக்கையைக் காட்டுகிறவர் காரணத்தை மறைக்கிறார் என்று அன்றே நாம் கற்றிருக்க வேண்டும்.

இத்தோடு முடித்தால் தம்பிக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னவர்கள் ஆவோம். பிராட்ஃபோர்டில் எங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிய பல்கலைக்கழக மாணவி ஒருவர், மூன்றாம் தலைமுறை மீர்பூர்க்காரர், ஒரு கேள்வியால் எங்களை உலுக்கினார். "சாதிக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். எங்கள் சாதியைப் பற்றி ஏன் கேட்க மாட்டேன் என்கிறீர்கள்?" என்றார். பிராதரி என்பது அவர்களுடைய குல அமைப்பு. ஜாட், ராஜபுத் என்று பல உண்டு. தொழுகையில் தோளோடு தோள் நிற்பார்கள், கல்யாணம் என்றால் பிராதரியைப் பார்ப்பார்கள். முடிதிருத்துவோர், செருப்புத் தைப்போர், நெசவாளர் என்று கைத்தொழில் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பிரிட்டனிலும் பழைய பெயரைச் சொல்லிக் குத்துவார்கள். அவர் காதலித்தவர் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை. வீட்டில் சொன்னாரா என்று கேட்டோம். பதில் சொல்லவில்லை. இந்தியத் துணைக்கண்டத்து முஸ்லிம்களிடையே அஷ்ரஃப், அஜ்லஃப், அர்ஸல் என்ற படிநிலை இருப்பதை அண்ணல் அம்பேத்கர் 1940களிலேயே எழுதிவைத்தார். அந்தப் படிநிலை கப்பலேறிப் போயும் கரையவில்லை.

பிராட்ஃபோர்டின் கட்சி அரசியலிலும் இதே பிராதரிதான் ஓட்டு வங்கி. பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தால் வீட்டு ஓட்டெல்லாம் அங்கே விழும். 2012 பிராட்ஃபோர்டு மேற்குத் தொகுதி இடைத்தேர்தலில் லேபர் கட்சி எதிர்பாராமல் தோற்றது. இந்தக் குலக்கணக்கின் மீது இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் இருந்த வெறுப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2015இல் அதே தொகுதியில் வென்றவர் நாஸ் ஷா. பதினைந்து வயதில் பாகிஸ்தானில் கட்டாயத் திருமணம் செய்துவைக்கப்பட்டவர். தன்னைக் கொடுமை செய்தவனைக் கொன்ற வழக்கில் அவருடைய தாய் சிறையில் கிடந்தார். அந்தத் தாய்க்காக வீதிக்கு வந்தது 1979இல் தொடங்கப்பட்ட சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு. 1989 ஜனவரியில் பிராட்ஃபோர்டில் ஒரு நாவலை எரித்தார்கள். அப்போது ஊடகங்கள் பள்ளிவாசல் தலைவர்களை மட்டுமே 'சமூகத்தின் குரல்' என்று காட்டின. அதே ஆண்டு இந்தப் பெண்கள், வெள்ளை இனவெறியையும் எதிர்ப்போம், எங்கள் வீட்டு அடிப்படைவாதத்தையும் எதிர்ப்போம் என்று இன்னொரு அமைப்பைக் கட்டினார்கள். இரண்டு பக்கமும் வசை வாங்கினார்கள்.

நாங்கள் எதற்காகப் போனோமோ அதன் முடிவையும் சொல்லிவிடுகிறோம். 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்க வழி இருந்தது. 2013இல் நாடாளுமன்றம் அதை அரசின் கடமையாகவே ஆக்கியது. இந்து அமைப்புகள் பிரிட்டனில் சாதியே இல்லை என்று கடுமையாக எதிர்த்தன. 2018 ஜூலையில் அரசு, சட்டம் வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்புகள் போதும் என்று கைகழுவியது. அரசின் காதுக்கு எட்டிய குரல், அமைப்பாகத் திரண்ட ஆதிக்க சாதிகளின் குரல். அந்தச் சட்டம் வந்திருந்தால் பிராட்ஃபோர்டு மாணவி காதலித்தவரைப் போன்ற பிள்ளைகளுக்கும் வேலையிடத்திலாவது ஒரு கவசம் கிடைத்திருக்கும்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, காணொளி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இவர்கள் ஏன் வந்தார்கள்? எந்தக் கதவு சாத்தப்பட்டதால் இப்படி அமைப்பானார்கள்? அந்த அமைப்புக்குள் இன்னும் வெளியே நிற்பவர் யார்? முதல் இரண்டு கேள்வியை மறைப்பவர் மதவெறியர். மூன்றாவதைத் தவிர்ப்பவர் நம் பக்கத்திலும் இருக்கலாம்.

மூன்றாவது கேள்வியை அந்த ஞாயிறே எங்களிடம் திருப்பிக் கேட்டார் தம்பி. "அப்ப நம்ம வட்டத்துக்கு ரெண்டு அருந்ததியர் அக்கா வந்துட்டிருந்தாங்களே, ஏன் நின்னுட்டாங்க?" என்றார். படிப்புச் சுமை என்று நாங்களே சொல்லிக்கொண்டு ஒரு வருடம் ஓட்டியிருந்தோம். அடுத்த நாள் போய்ப் பார்த்தோம். டீ கொடுத்தார்கள். பெரிதாகக் குறை எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது மூத்தவர் மட்டும் சொன்னார்: "வர்றோம்ண்ணே. எப்பவும் உங்க தெருவுலதான் கூட்டம். ஒரு தடவ எங்க தெருவுல வையுங்க."

வரும் ஞாயிறு அங்கே கூடுகிறோம். பேசப்போகிறவர்கள் அவர்கள் இருவரும். நாங்கள் பாய் எடுத்துப் போகிறோம்.